பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுவது: நிலவியல் மாணவர்களின் கள அறிக்கை

வணக்கம் நண்பர்களே. சென்னையில் இளங்கலை நிலவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தக் காணொளியில் அவர்கள் எழுதும் கள அறிக்கைகளைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பாறையை அடையாளம் காணவும் வரைபடம் தயாரிக்கவும் பொறுமையாகக் கற்றுத்தரும் நாம், எழுதுவது மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது தானாக வருவதில்லை.

எழுதிய மாணவரின் அனுமதியோடு ஒரு வரியை வாசிக்கிறேன், சென்னைப் பகுதியில் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற கரும் சாம்பல் நிறப் பாறையைப் பற்றியது: "பல்லாவரத்தில் உள்ள சார்னோக்கைட் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் உருவானது, பாறை மிகவும் பெரியதாகவும் கடினமாகவும் இருந்தது." இதில் முதல் பாதி பாடநூலிலிருந்து வந்தது, ஆழத்தை அவர் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் வரும் 'பெரியது' என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. அந்தக் கல்லையே அவர் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். "உடைச்ச பக்கம் எண்ணெய் தடவின மாதிரி பளபளக்குது சார், குவார்ட்ஸ் லேசா நீலமா இருக்கு, நடுவுல கறுப்பா ஒரு கனிமம் ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு இருக்கு" என்று தடையில்லாமல் சொன்னார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "இதெல்லாம் சாதாரணம்தானே சார்" என்றார். அறிக்கையில் முதலில் இடம்பெற வேண்டியது அந்தச் 'சாதாரணம்'தான்.

மறுமுறை அவர் எழுதியது இப்படி இருந்தது: "புதிதாக உடைத்த பரப்பு கரும் சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பளபளப்புடன் காணப்படுகிறது. குவார்ட்ஸ் மணிகளில் நீலச் சாயல் உள்ளது. கறுப்புக் கனிம மணிகள் 2 முதல் 3 மி.மீ. வரை உள்ளன. இது சார்னோக்கைட்டாக இருக்கலாம். ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறதா என்பதைத் தின் செக்‌ஷனில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்." ஹைப்பர்ஸ்தீன் என்பது சார்னோக்கைட்டை அடையாளம் காட்டும் கனிமம், தின் செக்‌ஷன் என்பது நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மிக மெல்லியதாகத் தேய்த்த பாறைத் துண்டு. 'இருக்கலாம்' என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். நான் அதற்குத்தான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று நம் ஊர்ப் பாறையிடமே இருக்கிறது. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பாறைக்குப் பெயரிட்டார். 1900இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் வெளியீட்டில் பரங்கிமலை, பல்லாவரம் பாறைகள் உட்பட இத்தொகுதியை விரிவாக விவரித்தார். இவை உருகிய குழம்பு இறுகி உண்டான தீப்பாறைகள் என்பது அவருடைய முடிவு. பின்னால் வந்த பலர், உயர்வெப்பத்தில் உருமாறிய பாறைகள் என்று வாதிட்டார்கள். விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. ஆனாலும் அவர் எழுதி வைத்த கனிம விவரிப்பை இரு தரப்பாரும் பயன்படுத்த முடிந்தது, ஏனென்றால் எது கண்டது, எது கருதியது என்று வாசிப்பவரால் பிரித்தெடுக்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் ஆங்கில வாக்கியம் அமையவில்லை என்பதற்காகக் கண்டதையே விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். களக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கனிமப் பெயர்களும், ஸ்ட்ரைக் (பாறை அடுக்கு ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) அளவுகளும் எந்த மொழியில் இருந்தாலும் அவைதான். ஆங்கில அறிக்கையை அறைக்கு வந்தபின் எழுதிக்கொள்ளலாம், பாறை முன்னால் நிற்கும் வாய்ப்பு அப்போது இருக்காது. புகைப்படத்தில் அளவுகோலோ சுத்தியலோ இருக்க வேண்டும், எந்தத் திசையை நோக்கி எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பாதிப் படங்களில் இருப்பதில்லை.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் ஒன்றைச் செய்து பாருங்கள். ஒருவர் அறிக்கையை இன்னொருவரிடம் கொடுத்து, கண்டு எழுதிய வாக்கியங்களுக்கு நீல மையாலும் ஊகித்த வாக்கியங்களுக்குச் சிவப்பு மையாலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு நீலக் கோடிட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மேசையில் கலந்து வைத்த மாதிரிகளிலிருந்து அந்தக் கல்லை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், எழுதியவரிடம் அறிக்கையையும் கல்லையும் சேர்த்தே திருப்பிக் கொடுங்கள்.