கூச்சம் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூச்சம்.

புளியங்காயைக் கடித்தால் பல் கூசுகிறது. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. உள்ளங்காலைத் தொட்டால் உடம்பே கூசுகிறது. 'சொல்லவே நா கூசுகிறது' என்கிறோம். மனசுக்கு வருமுன்பே இது உடம்பின் சொல். அதனால்தான் வெட்கம், நாணம் இவற்றோடு இதைச் சேர்த்து அடுக்க எனக்கு மனம் வருவதில்லை. நாணுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்தார். தகாத செயலுக்குப் பின்வாங்கும் குணம் அது. கூச்சமோ தப்பே செய்யாதவரையும் பிடிக்கும். பசியோடு வந்தவரை 'இப்பதான் சாப்பிட்டேன்' என்று சொல்ல வைக்கும்.

அப்படிச் சொல்பவரைப் போதுமென்ற மனசுக்காரர் என்று எண்ணிவிடுகிறோம். துறந்தவருக்குத் தேவை இல்லை. கூசுகிறவருக்குத் தேவை இருக்கிறது, கைதான் நீளவில்லை. பசுவுக்குத் தண்ணீர் என்று கேட்டால்கூட, நாவுக்கு அதைவிட இழிவு இல்லை என்கிறது குறள். நம் கடலூர் மாவட்டத்து வடலூரில், 1867-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சோறு வரும்.

2011 டிசம்பர் 30. தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்புறம் சில நாள் ஊரில் சோறு போட்டோம். நான் கரண்டி பிடித்திருந்தேன். வரிசையில் எங்கள் தெரு அத்தை ஒருவர். முந்திரித் தோப்புக்காரர். கொட்டை பொறுக்கும் நாளில் தோப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர். தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்திருந்தார். முறை வந்ததும், "பிள்ளைங்களுக்குக் குடுப்பா, எனக்கு வேணாம்" என்று திரும்பிவிட்டார். சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வாளி நினைவுக்கு வந்தது. வேண்டாதவர் எதற்கு வாளி எடுத்து வருகிறார்?

மறுநாள் சோற்றையும் குழம்பையும் எங்கள் வீட்டு வாளியில் போட்டு, அவர் திண்ணையில் வைத்தேன். "அத்தை, வாளியை நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று சொல்லி நிற்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் போனபோது வாளி தேய்த்துக் கழுவி அதே இடத்தில் இருந்தது. வெறும் வாளியாக இல்லை. சாய்ந்து கிடந்த முருங்கையிலிருந்து ஒடித்த கீரை, விளிம்பு வரைக்கும்.