‘இது ரெண்டுதானே, அக்கா?’

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருக் கோவில் மண்டபத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குப் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருபவள் நான். கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. மூடும்போது ஒன்றாம் வகுப்பில் எழுத்துகளை அரைகுறையாக அறிந்திருந்த குழந்தை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இடைவெளியைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து நானும் பெயர் கொடுத்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்ல நான். பிள்ளைகள் என்னை ‘அக்கா’ என்றுதான் அழைக்கிறார்கள்.

அந்த முதல் மாதத்தில் வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் ஒரு பாட்டைத் தங்குதடையின்றி வாசித்தான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அவனுடைய விரலைக் கவனித்தபோது, அது மூன்றாவது வரியில் நின்றிருக்க, வாயோ ஆறாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்லப் பக்கத்தைக் கையால் மறைத்தேன், அவன் நிறுத்தவில்லை. உடன்பிறந்த அக்காளுடைய பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். அந்தப் பாட்டிலிருந்தே ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால் அவனால் வாசிக்க முடியவில்லை. அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளையை மந்தமான பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டேன். “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு” என்றான். அதை அவன் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, இது நீ சொன்னதுதான், படி என்றேன். அவன் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தான். மறுநாள் வந்ததும், முந்தைய நாள் எழுதியதைத் திரும்ப எழுதச் சொல்லி, ‘குட்டி’ என்ற சொல்லைத் தானே தேடிக் கண்டுபிடித்தான். பிறகு வெள்ளைக்குட்டி, கறுப்புக்குட்டி, அவற்றுக்கு வைத்த பெயர்கள், தழை ஒடிக்கப் போன கதை என்று பத்து நாட்களுக்கு ஆட்டைப் பற்றியே எழுதினோம்.

பிள்ளையின் பேச்சுவழக்கை அப்படியே எழுதிக் காட்டினால் மொழி கெட்டுவிடாதா என்று உடன் பணியாற்றிய தன்னார்வலர்கள் சிலர் கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்விதான் அது. இதற்கான விடையை அந்தச் சிறுவனே கொடுத்தான். சில வாரங்கள் கழித்து, ஒரு கதைப் புத்தகத்தில் ‘இரண்டு’ என்ற சொல்லைக் கண்டு, எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “இது ரெண்டுதானே, அக்கா?” என்றான். தான் பேசும் தமிழுக்கும் புத்தகத்தில் உள்ள தமிழுக்கும் உறவு இருக்கிறது என்பதை அன்று அவன் கண்டுகொண்டான்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி இதுதான். ‘போகிறான்’ என்று அச்சிட்டிருப்பதை ஒரு குழந்தை ‘போறான்’ என்று வாசித்தால், உடனே குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளை உணர்ந்து, தன் வீட்டு மொழியில் அதைச் சொல்லியிருக்கிறது அந்தக் குழந்தை. பொருள் விளங்காத பிள்ளை ‘போ, கி, றா, ன்’ என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்லும். ‘போறான்’ என்று சொல்லாது. வாக்கியம் முடியட்டும். அதன்பின், நீ ‘போறான்’ என்றாய், புத்தகத்தில் எப்படி இருக்கிறது பார் என்று கேட்டால், பிள்ளையே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும்.

திருத்துவதைப் போலவே, முந்திக்கொண்டு சொல்லிக்கொடுப்பதும் இடையூறுதான். ஒரு சொல்லில் குழந்தை தடுமாறி நின்றால், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு உதவுங்கள். நாம் முந்திக்கொண்டால், அடுத்த முறை தடுமாறும்போது அதன் கண் பக்கத்தை விட்டு நம் முகத்துக்கு வந்துவிடும். விடை அங்கே இருக்கிறது என்று அது பழகிக்கொள்ளும். எதிரில் அமராமல் பக்கத்தில் அமர்வது நல்லது என்று நான் கண்டுகொண்டதும் இப்படித்தான்.

எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள். அத்தனையும் தெரிந்த பிறகே வாசிக்கத் தொடங்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ப, ட, ம மூன்றும், ‘ம்’ என்ற ஒரு மெய்யும் தெரிந்த பிள்ளை ‘படம்’, ‘மடம்’ இரண்டையும் வாசித்துவிடும். ‘ட்’ சேர்ந்தால் ‘பட்டம்’ கிடைக்கும். துணைக்கால் தெரிந்தால் ‘பாடம்’, ‘மாடம்’. முதல் வாரத்திலேயே தானாக ஒரு சொல்லை வாசித்த பிள்ளைக்கு, மறுநாள் வருவதற்கு வேறு தூண்டுதல் தேவைப்படுவதில்லை. கொம்பு எழுதப்படும் இடமும் ஒலிக்கப்படும் இடமும் வேறு வேறாக இருப்பதால், ‘கொடி’ போன்ற சொற்களில் பிள்ளைகள் படும் பாட்டை எழுதிக் காட்டினால்தான் விளக்க முடியும். ஆதலால் அதை விட்டுவிடுகிறேன். அந்த இடத்தில் மட்டும் இன்னும் கூடுதலாகப் பொறுத்திருங்கள்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு புத்தகங்களைப் பற்றியும், ஊர்ப்புற நூலகங்களைப் பற்றியும், தன்னார்வலராக வர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை பற்றியும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் இருப்பதால், தாய்மார்களுக்கான ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்களுக்கே படிக்கத் தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இரவுச் சோறு ஆனபின் பத்து நிமிடம், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒரு கதையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பா, சரியா என்று பார்க்க வேண்டாம். நிறுத்தும் இடத்தில், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

வணக்கம்.