பேர் தெரியாத கவிஞரின் அணில்

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விளித்தால் பாதி நேரம் போய்விடும். நேராகக் கவிதைக்கே வருகிறேன்.

குறுந்தொகை 41ஆம் பாட்டு. ஆறே அடி. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்ந்திருப்பேன் என்கிறாள் ஒரு பெண். அவன் பிரிந்தால்? 'மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல' ஆகிவிடுகிறாளாம். பாலை வழியை ஒட்டிய ஒரு சிற்றூர், ஆளில்லாத வீடு, முற்றத்தில் அணில்.

'மக்கள் போகிய' என்பதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் செய்தி. அணில் வந்ததும்தான் கவிதை. அதிலும் பாருங்கள், அந்த அணில் அழவில்லை, ஆடுகிறது! ஒரு வீட்டின் வெறுமையைச் சொல்ல ஒரு துள்ளலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பொங்கலுக்குச் சென்னையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, போகாதவர்கள் தெருவில் கொஞ்சம் நடந்து பாருங்கள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே அணில் தாராளமாக இறங்கி ஓடும். உரையாசிரியர் யாரும் வேண்டாம், பாட்டு தானாகப் புரியும்.

இதை எழுதியவரின் பேர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தொடரே பேராகி, 'அணிலாடு முன்றிலார்' என்கிறோம். மீனெறி தூண்டிலாரும் அப்படித்தான். அவர் பாட்டில் ஒரு யானை மூங்கிலை வளைத்துக்கொண்டிருக்கிறது. தினைக் காவலர் கவண் வீசும் சத்தத்துக்கு மிரண்டு கையை விடுகிறது. மூங்கில் மீனை இழுத்த தூண்டில் போல விர்ரென்று மேலே எழும்புகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே அவர் இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறார். இன்றைக்கு நமக்கெல்லாம் நேர்மாறான அவசரம்: பேர் முதலில், வரி அப்புறம்.

பள்ளிக்கூடத்தில் 'அடிபிறழாமல் எழுதுக' என்று கேட்டுக் கவிதையைக் கொன்றுவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மனப்பாடத்தில் தப்பில்லை, அது பரீட்சையோடு முடிந்துபோவதில்தான் தப்பு. வாயில் ஏறிய பாட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் நாக்குக்கு வரும். அதனால் சத்தமாகப் படியுங்கள். கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வார்களே, அதில் நியாயம் இருக்கிறது. முதல் தடவை காதுக்கு, இரண்டாவது தடவை புத்திக்கு. (மூன்றாவது தடவை கைதட்டலுக்கு, அது வேறு விஷயம்.)

எழுதுவதற்கு வருவோம். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி, திருவல்லிக்கேணியிலிருந்து நடத்திய 'எழுத்து' பத்திரிகையில்தான் ந. பிச்சமூர்த்தி முதலானோரின் புதுக்கவிதைக்குப் பெரிய இடம் கிடைத்தது. யாப்பு இல்லாமல் கவிதையா என்று பெரிய சண்டை நடந்தது. சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது, யாப்பில்லாமல் தாராளமாக எழுதலாம். ஆனால் ஒரு வெண்பாவாவது முயன்று பாருங்கள் என்பேன். ஈற்றடி மூன்றே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாக அமைய வேண்டும். நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் சொல் தளை தட்டும், அதாவது பக்கத்துச் சீரோடு ஓசை சேராது. எரிச்சலாக இருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு சொல் தேடும்போது, நினைத்தே பார்க்காத ஒரு சொல் வந்து உட்காரும், அதோடு நினைத்தே பார்க்காத ஒரு பொருளும் வரும். அந்த நிமிஷத்தில் கிடைக்கிற சந்தோஷம், பாட்டு அச்சில் வந்தபோதுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, பேச்சு போதும். வாசலில் உங்களுக்குக் கொடுத்த தாளில் ஓர் ஈற்றடி மட்டும் இருக்கிறது. மேலே உள்ள மூன்று அடியும் உங்களுடையவை. பத்து நிமிடம். முடித்தவர்கள் மைக்குக்கு வாருங்கள். தளை தட்டினாலும் பரவாயில்லை, சத்தமாக வாசியுங்கள்.