ஸ்லாப் ஃபான்ட்ல தமிழ் போர்டா? ‘சாப்பாடு’ ‘சரப்பரடு’ ஆயிடும், பார்த்துக்கோங்க!

[திரை: கறுப்புப் பின்னணி, தடியான மஞ்சள் எழுத்து – ‘சரப்பரடு தயரர்’]

இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க. டைப் பண்ணதுல ஒரு பிழைகூட இல்ல, ‘சாப்பாடு தயார்’னுதான் அடிச்சிருக்கு. ஃபான்ட்ல கை வச்சதுதான் வினை. தாராவியிலயோ செம்பூர்லயோ கடை போடப் போறீங்கன்னா, போர்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க.

[திரை: சோனி, ஹோண்டா லோகோக்கள், பிறகு H எழுத்து மட்டும், திரை முழுக்க]

H-ஓட காலைப் பாருங்க. கோடு முடியிற இடத்துல குறுக்கால ஒரு கட்டை இருக்கே, அதுதான் செரிஃப். டைம்ஸ் நியூ ரோமன்ல அது கூராத் தேய்ஞ்சு முடியும். ஸ்லாப் செரிஃப்ல, அதாவது நம்ம ஸ்லாப் ஃபான்ட்ல, நிக்கிற தூண் எவ்ளோ தடியோ, கிட்டத்தட்ட அதே தடிமன்ல சதுரமா வெட்டி நிக்கும். மும்பை மழைக்கு எழுத்துக்கெல்லாம் கம்பூட் மாட்டி விட்ட மாதிரி.

வரலாறு ரெண்டே வரி. 1810-கள்ல லண்டன்ல அச்செழுத்து வார்க்கிற வின்சென்ட் ஃபிகின்ஸ் இதை வார்த்தார். 1828-ல அமெரிக்காவுல டேரியஸ் வெல்ஸ் மரத்துல செதுக்கின அச்செழுத்துக்கு கேட்டலாக் போட்டதும் போஸ்டர் எழுத்து பூதாகாரமாச்சு. போதும், நகருவோம்.

இன்னைக்குக் கையில கிடைக்கிறது மூணு. ராக்வெல், 1934, மூலையெல்லாம் செங்குத்து. கிளாரெண்டன், 1845, தூணும் கட்டையும் சேர்ற இடம் வளைஞ்சு இறங்கும். அப்புறம் ஆல்ஃபா ஸ்லாப் ஒன், இலவசம், மூணுலயும் முரட்டு ஆள். இதுல ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. அது தெரியாம ‘போல்ட்’ பட்டனைத் தட்டினா, சாஃப்ட்வேர் ஓரத்தைத் தானா வீங்க வைக்கும். A, e உள்ள இருக்கிற ஓட்டை அடைஞ்சுடும். அதே காரணத்துக்காக மெனு கார்டு விலைப்பட்டியலுக்கும் இது வேண்டவே வேண்டாம். நாலஞ்சு வார்த்தை, பெருசா. அதுக்குத்தான் இது.

போர்டுக்கு ஏன் பொருந்துது? 8 அங்குல எழுத்தை எடுத்துக்கோங்க. அங்குலத்துக்கு 10 அடிங்கிறது போர்டுக்காரங்க கணக்கு, அப்போ 80 அடியில இருந்து சுகமா படிக்கலாம். ஆல்ஃபா ஸ்லாப்ல தூண் தாராளமா இருக்கறதால அக்ரிலிக் எழுத்துக்குள்ள எல்இடி மாட்யூல் உட்கார இடம் கிடைக்கும். போடோனி மாதிரி ஃபான்ட்ல மெல்லிசு கோடு சில மில்லிமீட்டர்தான் வரும். லைட்டும் நுழையாது, வினைல் ஸ்டிக்கர் உரிக்கும்போதே பிஞ்சும் வந்துடும்.

[திரை: ‘ா’, ‘ர’ – பக்கத்துல பக்கத்துல]

இப்போ நம்ம விஷயம். ஆல்ஃபா ஸ்லாப்ல தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ்ல அடிச்சா கம்ப்யூட்டர் வேற ஒரு ஒல்லி ஃபான்ட்டை எடுத்துப் போடும், இல்லேன்னா கட்டம் காட்டும். உடனே டிசைனர் தம்பி என்ன பண்ணுவார்? ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்து, ஒவ்வொரு காலுக்கும் கையாலயே கட்டை ஒட்டுவார். அங்கதான் மாட்டுவோம். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசமே அடியில இருக்கிற அந்தச் சின்ன வால்தான்! துணைக்காலுக்குக் கீழ கட்டை ஒட்டினா, தூரத்துல இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அதுவும் வால்தான். சா ‘சர’ ஆச்சு, பா ‘பர’ ஆச்சு. ‘ராஜா’ன்னு பேர் வச்சவர் கதியை நீங்களே எழுதிப் பாருங்க. எனக்கு இதைப் பார்த்தா சிரிப்பு அடங்க மாட்டேங்குது.

அதனால தமிழுக்குக் கட்டை வேண்டாம், தடிமன் மட்டும் போதும். நம்ம மும்பை ஃபான்ட் கம்பெனி ‘எக் டைப்’ பண்ண ‘அனெக் தமிழ்’ ஃபான்ட் இலவசம். ஃபான்ட் கணக்குல தடிமன் 800, அகலம் 125 சதவீதம் வரைக்கும் இழுக்கலாம். ‘பலூ தம்பி’ ஃபான்ட்டும் அவங்களோடதுதான், ஆனா அதோட உருண்டை முனை ஸ்லாப்போட சதுரத்துக்குப் பக்கத்துல ஒட்டாம நிக்கும்னு என் கட்சி. பாயின்ட் அளவை நம்பாதீங்க. கைடு லைன் இழுத்து ‘ப’வோட தூணையும் H-ஓட தூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. தமிழ் கொஞ்சம் மெலிசா வந்தா விட்டுடுங்க. ஞ, ணி எல்லாம் மூச்சு விடணும்ல. மேல புள்ளியும் கீழ சுழியும் வர்றதால வரி இடைவெளியும் கூடுதலா வேணும்.

மராத்தி? மகாராஷ்டிராவோட 2022 சட்டத் திருத்தப்படி தேவநாகரிதான் முதல்ல வரணும், மத்த எழுத்தைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. அனெக் தேவநாகரியே போட்டா தமிழோட ஜோடி சேரும்.

இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல ‘கொ’ உடைஞ்சு கொம்பும் காலும் இடம் மாறினா, பாராகிராஃப் மெனுவுல வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போடுங்க. அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்தை அவுட்லைனா, அதாவது வெறும் வடிவமா, மாத்திடுங்க, அவங்க கம்ப்யூட்டர்ல உங்க ஃபான்ட் இருக்காது.

கடைசியா, புள்ளி. வெட்டின எழுத்துல ‘ப்’ ரெண்டு துண்டு. புள்ளியை ஒத்தப் பின்ல நிறுத்தினா ஆடி ஆடி ஒரு மழையில விழுந்துடும். ரெண்டு பின் கேளுங்க, இல்லேன்னா பின்னாடி கண்ணாடி அக்ரிலிக் ஷீட் கொடுத்து எழுத்தோட சேர்த்து ஒட்டச் சொல்லுங்க. புள்ளி விழுந்த போர்டு மாட்டுங்கா பக்கம் எங்கயாவது தென்பட்டா படம் எடுத்து அனுப்புங்க மக்களே, அடுத்த வீடியோவுல போட்டு அலசிடலாம்.