பாமினியில் அடித்த பாடம் காதுக்கு எட்டுமா?

(பெங்களூரு அல்சூரில், இணைய வகுப்பு எடுக்கும் தமிழாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். சட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இன்று பார்வையும் செவியும் போதும்: அந்தக் குறைபாடுள்ள மாணவர்களுக்கும் நம் இணைய வகுப்பு எட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

ஜூமிலோ கூகுள் மீட்டிலோ நீங்கள் திரையைப் பகிர்ந்தால், மாணவருக்குப் போய்ச் சேர்வது வெறும் வீடியோ. அதில் எழுத்து கிடையாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடர், அது கணினியில் என்விடிஏ ஆனாலும் போனில் டாக்பேக் ஆனாலும், அதில் ஒரு வரிகூடப் படிக்காது. அதனால் பாடக்கோப்பை முந்தின நாளே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் அதைத் தனியே திறந்துவைத்துக்கொண்டு உங்களோடு வருவார்.

அந்தக் கோப்பில்தான் நமக்கே உரிய வம்பு இருக்கிறது. இன்னும் பலர் பாமினியில் அடிக்கிறோம்; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு அது. கண்ணுக்குத் தெரிவது 'அம்மா'. கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எழுத்துருவை மட்டும் லதா போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் தீராது. அந்த ஆங்கில எழுத்துகள் நம்மைப் பார்த்தே பல்லிளிக்கும். எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருளில் போட்டு, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே பதிகிற யூனிகோடாக்க வேண்டும். சந்தேகமா? ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் சரி.

புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதைதான். கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாகும். ஆனால் 'ர'வும் துணைக்காலும் குழம்பும். மெய்ப்புப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கணக்கு வகுப்பில் சமன்பாட்டைக் காட்டி "இதை இந்தப் பக்கம் கொண்டுபோங்க" என்றால் எதை, எந்தப் பக்கம்? "இடப்பக்கத்து 3-ஐ வலப்பக்கம் கொண்டுபோனால் மைனஸ் 3" என்று சொல்லுங்கள். சின்னப் போனில் பார்க்கிற மற்ற பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு உதட்டசைவு தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். தானியங்கி வசனவரியை நம்பிவிடாதீர்கள்: அதற்கு ஒரு மொழியைத்தான் தேர்ந்து வைப்போம். நம் ஊரிலோ ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் வரும். முக்கியச் சொற்களையும் வீட்டுப்பாடத்தையும் சாட்டில் அடித்துவிடுங்கள். இதிலும் ஒரு இடிப்பு உண்டு. சாட்டில் வருவதை ஸ்கிரீன் ரீடர் உடனுக்குடன் படிப்பதால், பார்வையற்றவருக்கு உங்கள் குரலும் அதன் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அடித்ததும் சில நொடி பேச்சை நிறுத்துங்கள். பிள்ளைகளின் 'யெஸ் மிஸ்' மழைக்குக் கண்டிப்பாகத் தடை போடுங்கள்.

அடுத்து, தேர்வு. சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுகிறவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொல்லின மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள். இணையத் தேர்வில் அதை முன்கூட்டியே பதிந்து வைக்காவிட்டால், பாதி விடையிலேயே தேர்வு மூடிக்கொள்ளும். மூடுல் (Moodle) என்னும் இணையக் கற்றல் தளத்தில் மாணவருக்கு மாணவர் தனி நேரம் வைக்க முடியும். 'பொருத்துக' வினாவை மவுஸால் இழுத்துப் பொருத்தும்படி வைத்தால், விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவர் மாட்டிக்கொள்வார். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றுங்கள். வினாத்தாள் தயாரானதும் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப், அம்புக்குறி, என்டர், ஸ்பேஸ் விசைகளை மட்டும் வைத்து விடையளித்து, 'சமர்ப்பி' வரை போய்ப் பாருங்கள். எங்காவது சிக்கினால் தேர்வு நாளுக்கு முன்பே அந்த வினாவின் வடிவத்தை மாற்றிவிடுங்கள்.