தியாகி என்று சொல்லி ஒதுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'ஒரு பயிற்சியாளரின் மனைவியாக, அவர் பிள்ளைகளின் தாயாக வாழ்ந்து மறைந்த பெண் நினைவில் நிற்பது தியாகத்தாலா, ஆளுமையாலா?' இதுதான் இன்றைய தலைப்பு. ஆளுமையால்தான் என்று பேச வந்திருக்கிறேன். குறளில் தொடங்குவதுதான் பட்டிமன்ற வழக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் குறைவு, அதனால் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, நெல்லி வுடனின் கதையைச் சொல்லி அவையைக் கலங்க வைத்துவிட்டுப் போனார். நெல்லியின் கணவர் ஜான் வுடன், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். 1964 முதல் 1975 வரை, 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர். கணவர் மைதானமே கதி என்று கிடந்தார், மனைவி பிள்ளைகளோடு வீட்டில் காத்திருந்தார், ஆசைகளை அடக்கிக்கொண்டார், நிழலாக வாழ்ந்தார் என்றார் தோழி. நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பேச்சில் நெல்லி என்ற பெயரை எடுத்துவிட்டு, வேறு எந்தக் கோச்சின் மனைவி பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்துமே! எல்லாருக்கும் பொருந்துகிற புகழ்ச்சியில் நெல்லி எங்கே இருக்கிறார்?

சரி, யார் இந்த நெல்லி?

இண்டியானா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். 1920களின் நடுப்பகுதி. பள்ளி மாணவரான ஜான், கோவேறு கழுதையைப் பூட்டி வயலை உழுதுகொண்டிருக்கிறார். ஓரமாக ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளே நெல்லி ரைலியும் நண்பர்களும். கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். உடம்பெல்லாம் புழுதியும் வியர்வையுமாக இருந்த பையன் கூச்சப்பட்டுக்கொண்டு, பார்க்காதது போல் உழுதுகொண்டே போய்விட்டார். பள்ளி திறந்தது. நெல்லி விடவில்லை. அன்றைக்கு ஏன் வரவில்லை என்று நேருக்கு நேர் பிடித்துக்கொண்டார். கேலி செய்வீர்களோ என்று பயந்தேன் என்றார் ஜான். உன்னை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன் என்றார் நெல்லி.

நடுவர் அவர்களே, இந்தக் காதலைத் தொடங்கி வைத்தது யார்? அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்தத் தாம்பத்தியம் உழவுச் சாலோடு போயிருக்க வேண்டியது. பிடித்து இழுத்து வந்தவர் நெல்லி. காத்திருக்கிற பெண்ணின் லட்சணமா இது? நடுவர் சிரிக்கிறார், எங்கள் பக்கம் ஒரு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் நெல்லி கையில் கார்னெட், டிரம்பெட் போல் ஊதுகிற வாத்தியம். ஆட்டம் தொடங்கும் முன் ஜான் அந்தப் பக்கம் திரும்பித் தேடுவார். நெல்லி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார், எல்லாம் சரி, ஆடு என்று. பள்ளிப் பையனாக ஆடிய காலத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம், 1975இல் சான் டியேகோவில் கென்டக்கி பல்கலைக்கழக அணியை வென்று பத்தாவது பட்டத்தோடு அவர் ஓய்வு பெறும்வரை மாறவில்லை. பயிற்சியாளர் சுருட்டிய நிகழ்ச்சித் தாளைக் கையில் பிடித்தபடி கூட்டத்தில் மனைவியைத் தேடுவார். சைகை கிடைத்த பிறகுதான் ஆட்டம். வீட்டில் காத்திருந்தார் என்று தோழி சொன்னாரே, அம்மா, அவர் வீட்டில் இல்லை. அரங்கத்தில் இருந்தார்!

1932 ஆகஸ்ட் 8ஆம் தேதி கல்யாணம். அமெரிக்காவே பொருளாதாரப் பெருமந்தத்தில் திணறிய நேரம். ஜான் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது 909 டாலர் 5 சென்ட். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வங்கி மூடிவிட்டது, பணம் போயிற்று. தள்ளிப் போட்டார்களா? கடன் வாங்கி இண்டியானாபோலிஸில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அன்றைக்கே மில்ஸ் பிரதர்ஸ் பாட்டுக் கச்சேரிக்கும் போனார்கள். அடுத்து கென்டக்கி மாநிலத்தில் ஒரு பள்ளியில் வேலை. முதல் சீசனில் 6 வெற்றி, 11 தோல்வி. ஜான் வுடனின் பயிற்சி வாழ்க்கையிலேயே வெற்றியை விடத் தோல்வி கூடிய ஒரே சீசன், புதுப்பெண் வந்த வருஷம். நம் ஊராக இருந்தால் மாமியார் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1934இல் மகள், 1936இல் மகன். 1943 முதல் 1946 வரை ஜான் கடற்படையில். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளோடு போர்க்காலக் குடும்பத்தை நடத்தும் பொறுப்பு நெல்லிக்கு. இதில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வரவு செலவு, பள்ளி, காய்ச்சல், கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சமாதானம், எல்லாவற்றிலும் முடிவெடுக்க ஒரு தலை வேண்டும். ஆண் செய்தால் நிர்வாகம், பெண் செய்தால் தியாகமா? இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். 1948. மின்னசோட்டா பல்கலைக்கழகமும் கூப்பிடுகிறது, யுசிஎல்ஏவும் கூப்பிடுகிறது. தம்பதிக்குப் பிடித்தது மின்னசோட்டாதான், சொந்த மண்ணுக்கு அருகில். முடிவு சொல்ல வேண்டிய நாளில் அங்கே பனிப்புயல், சொன்ன நேரத்தில் தொலைபேசி வரவில்லை. யுசிஎல்ஏ அழைப்பு வந்தது, ஜான் வாக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் மின்னசோட்டாக்காரர்கள் கூப்பிட்டபோது வாக்கை மாற்றவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நெல்லிக்கு ஒட்டவே இல்லை. இது தியாகம்தானே என்கிறார் தோழி.

ஒட்டவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? நெல்லி அதை மறைக்காததால்! தியாகி என்றால் வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது நாம் எழுதி வைத்த இலக்கணம். அதில் நெல்லி தேறமாட்டார். ஜான் பொறுமைசாலி, கெட்ட வார்த்தை பேசாதவர். நெல்லிக்கு ரோஷம் அதிகம். கணவரைக் குறை சொன்னவர்களைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. யுசிஎல்ஏவில் முதல் பட்டம் வர 16ஆவது சீசன் வரை ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். பட்டங்கள் குவிந்த பிறகாவது ரசிகர்கள் அடங்கினார்களா? 1975 இறுதியாட்டம் முடிந்த கையோடு ஓர் ஆதரவாளர் ஜானிடம் வந்து, போன வருஷம் எங்களை ஏமாற்றினீர்கள், இந்த வெற்றி அதற்கு ஈடு என்றாராம்! பத்துப் பட்டம் வாங்கியவரிடம். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் பொறுமை மட்டும் போதாது.

1982இல் நெல்லிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு, கோமா. ஏறத்தாழ மூன்று மாதம். ஜான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தார். நெல்லி ஒருநாள் அந்தக் கையை அழுத்தினார், எழுந்தும் வந்தார். 1984இல் சியாட்டிலில் நடந்த தேசிய இறுதிச் சுற்றுக்குச் சக்கர நாற்காலியில் போனார். தள்ளிக்கொண்டு போனவர் கணவர். விடுதிக் கூடத்தில் மற்ற பயிற்சியாளர்கள் கைதட்டினார்கள். இங்கே பணிவிடை செய்தவர் ஆண். இதைத் தோழி தியாகம் என்று சொல்லவில்லை, அன்பு என்றார். சரியாகத்தான் சொன்னார். அதே நியாயம் நெல்லிக்கும் வேண்டாமா?

1985 மார்ச் 21, நெல்லி மறைந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி ஜான் ஒரு கடிதம் எழுதி நெல்லியின் தலையணைமேல் வைத்தார், கண்பார்வை மங்கும்வரை. தோழி அழ வைத்தது இந்த இடத்தில்தான். ஆனால் கவனித்தீர்களா? இந்தக் கதையை நாம் பகிரும்போதெல்லாம் நினைவில் நிற்பவர் ஜான். எவ்வளவு உயர்ந்த கணவர் என்கிறோம். நெல்லிக்குக் கிடைப்பது ஒரு தலையணை! நான் அந்தக் கடிதங்களை வேறு விதமாகப் படிக்கிறேன். தியாகிக்கு யாரும் மாதாமாதம் கடிதம் எழுதுவதில்லை, மாலை போடுவார்கள், படத்தை மாட்டுவார்கள். எழுத வேண்டும் என்று கை தேடுவது பேசிப் பழகிய ஆளிடம், எதிர்த்துப் பதில் சொல்லக்கூடிய ஆளிடம். ஐம்பது வருஷத்துக்கு மேல் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்தக் கடிதங்கள் சாட்சி. தேசிய இறுதிச் சுற்றுக்கு வருஷா வருஷம் நெல்லியோடு போனவர், அவர் இல்லாமல் பத்து ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. 1995இல் யுசிஎல்ஏ மறுபடி பட்டத்துக்கு ஆடியபோதுதான் போனார். அதுவும் சியாட்டில்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு செய்தி. 2003 டிசம்பரில் யுசிஎல்ஏவின் பாலி பெவிலியன் அரங்கத்தின் ஆடுதளத்துக்குப் பெயர் சூட்டினார்கள். 'நெல் அண்ட் ஜான் வுடன் கோர்ட்'. நெல் என்பது நெல்லியின் சுருக்கப் பெயர். நெல்லியின் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டவர் ஜான். கணவர் போட்ட பிச்சை என்று எதிரணி எழுந்து சொல்லக்கூடும். பத்துப் பட்டம் வாங்கியவருக்கு யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்திருக்கிறது, நமக்குத்தான் இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். தீர்ப்பை யார் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொல்லும்போது 'வுடனின் மனைவி' என்று சொல்லாமல், நெல்லி என்று பெயர் சொல்லித் தீர்ப்பளியுங்கள்.

நன்றி, வணக்கம்.