நாடிக்கட்டும் செவிலியர் பாடமும்

அவையோருக்கும், செவிலியர் பயிற்சியில் இருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாவு புதிதல்ல. மேல்மூச்சு வாங்கத் தொடங்கியதும் பேரப்பிள்ளைகளை அழைத்து வாயில் பால் ஊற்றச் சொல்வதையும், உயிர் பிரிந்தபின் பாட்டிமார் கண்ணை மூடி, வாய் திறவாதபடி தாடையைத் துணியால் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இறந்தவருக்குச் செய்யும் பணிவிடையாக நாம் வகுப்பில் கற்பிப்பதும் ஏறக்குறைய இதுவே. (பாட்டிமாருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.) ஆயினும் வார்டில் முதல் சாவைக் காணும்போது அதே பிள்ளை நடுங்கிப்போகிறாள். நெடுங்காலம் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிணத்தைவிட, சாகப்போகிறவர் கேட்கும் கேள்வியே அவளை அதிகம் அச்சுறுத்துகிறது. "எனக்குச் சரியாயிடுமா பாப்பா?" என்று அவர் கேட்டதும், டிரிப்ஸைப் பார்ப்பதுபோல் நகர்ந்துவிடுகிறாள்.

இந்த மனநிலையை அளக்க, ஃபிராமெல்ட் என்ற அமெரிக்கச் செவிலியர் 1991இல் 30 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சாகும் மனிதரோடு பேசுவதும் அவர் குடும்பத்தாரை அரவணைப்பதும்தான் அதில் பெரும்பகுதி. பயனுள்ள கருவிதான், ஆனால் அதில் 150க்கு 140 வாங்குகிறவள் கட்டிலருகே நிற்பாள் என்பதற்கு அது உறுதியாகாது.

எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில், வார்டு மலையாளத்தில், அழுகை மட்டும் தமிழில். கேஸ் ஷீட்டில் 'எக்ஸ்பயர்டு' என்று எழுதவும், மலையாளிக் குடும்பத்தாரிடம் 'மரிச்சு போயி' என்று சொல்லவும் பழகிய மாணவிக்கு, தமிழில் 'தவறிட்டாரு' என்று சொல்ல வாய் வருவதில்லை, ஏனெனில் அதை அவள் வீட்டில் கேட்டிருக்கிறாளே தவிர, தன் வாயால் ஒருவருக்கும் அறிவித்ததில்லை.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கமும், 2008இல் கேரள அரசு வகுத்த கொள்கையும் நோயாளியின் வீட்டுக்கே செல்லும் வழியைத் திறந்தன. பஞ்சாயத்துச் செவிலியருடன் மாணவியரை அனுப்பிப் பாருங்கள். அவ்வாறு சென்ற ஒருத்தி, படுக்கையில் கிடந்த பனையேறி ஒருவர் தன் மரங்களை இனி யார் சீவுவார் என்று அரைமணி நேரம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இதைக் குறிப்பேட்டில் என்னவென்று எழுதட்டும்?"